உத்திரமேரூரில் இல்லாத நூற்று அறுபது

1

ஸ்பெயின் நாட்டு சரகோசா நகரத்துக்கு வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருடம் ஆகிறது. வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் வழக்கம்போல என் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது குடும்பப் பெயர். இங்கே ஒவ்வொருவருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர்கள். எனக்கோ உருப்படியாக ஒன்றே கிடையாது. என் பெயர் குமார், அப்பா பெயர் மாணிக்கம், கதை அவ்வளவுதான் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அந்த அம்மாளும் பத்தொன்பது வருடமாக நம்ப மாட்டேன் என்கிறாள்.

என் மகள் செல்வி இந்த நாட்டுக் குடிமகளானபோது இது பெரிய ரகளையாகிவிட்டது. இரண்டு பெயர் இல்லாமல் முடியவே முடியாது என்றார்கள். என் மனைவி சரோஜாவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். குடும்பப் பெயருக்கான இடத்தில், சென்னையில் படிவம் நிரப்பிய ஏஜெண்ட் புண்ணியவான், ஊர்ப் பெயரை எழுதி வைத்திருந்தான். அப்படியே இறங்கிவிட்டது. மகளின் முழுப்பெயர் இப்போது செல்வி மாணிக்கம் உத்திரமேரூர். அதிலும் இவர்கள் வாயில் செல்வி என்பது செல்பி என்றுதான் வரும். மூன்று வயதில் இங்கே வந்தவள், பேருந்தில் போகிற வழியெல்லாம் உத்திரமேரூரைச் சுமந்துகொண்டு திரிகிறாள். அந்த ஊரை அவள் மொத்தமாக நான்கு முறைதான் பார்த்திருக்கிறாள்.

நான் வெல்டர். இரும்புச் சட்டங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் முக்கால்வாசி இரும்புதான். ஒருமுறை முதுகுவலி என்று டாக்டரிடம் போனேன். எப்படி வலிக்கிறது என்று கேட்டார். வலிக்கு எனக்கு வார்த்தை தெரியாது. "வெல்டிங் குளிர்வதற்குள் வளைத்தால் எப்படி விட்டுக்கொள்ளுமோ அப்படி" என்று சொல்லிவைத்தேன். மனிதர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார். மாத்திரை கேட்டது. ஆகவே என் ஸ்பானிஷைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

2

செல்விக்குக் குறை சொல்ல உரிமை உண்டு, சொல்லவும் செய்வாள். பள்ளிக்கூடக் காலத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனால் எனக்கு முந்திக்கொண்டு அவளே டீச்சருக்குப் பதில் சொல்லுவாள். நான் வாய் திறந்தால் அவள் காது சிவக்கும். ஆத்திரம் வரும் எனக்கு. ஆனால் என்ன செய்வது? அவள் பேசினால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

அவள் தமிழ் அதற்கு நேர்மாறு. வா, போ, சாப்பிடு, தூங்கு, சரி, தப்பு, அத்தை, சாம்பார். கொஞ்சம் மிஞ்சிப் போனால் இன்னும் பத்து வார்த்தை. இதற்கு நான்தான் காரணம். வேலை முடிந்து வந்து அவளுடைய கணக்கு நோட்டைப் பார்ப்பது ஒன்றுதான் நான் செய்த பெரிய தகப்பன் வேலை. தவறான விடைமேல் விரலை வைத்து "தப்பு" என்பேன். அழித்து மறுபடி போடுவாள். "சரி, போ" என்பேன். விளையாட ஓடிவிடுவாள். நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான். பத்தாம் வகுப்புக்கு மேல் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

இப்போது அவள் சிவில் இன்ஜினீயரிங் கடைசி வருடம். போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். திருப்புலிவனத்தில் இருக்கும் என் தங்கை ராணியின் வீட்டில்தான் தங்கினோம். களத்தில் நெல் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். முந்தின வருடம் இதேபோல மூடி வைத்த நெல், நாலு நாள் விடாமல் பெய்த மழையில் முளைவிட்டுப் போயிருந்தது.

"கொட்டாய் ஒண்ணு போட்டாதான் ஆவும்ணா. கீழ காயப்போடலாம், மேல பரண் மாதிரி கட்டி மூட்டைய அடுக்கிக்கலாம்" என்றாள் ராணி.

நான் அதைச் செல்விக்கு ஸ்பானிஷில் சொன்னேன். அவள் செருப்பை உதறிவிட்டு, பத்து அடி, இருபது அடி என்று களத்தைக் காலால் அளக்க ஆரம்பித்துவிட்டாள். "பாப்பா, இதை நானே வரைகிறேன்" என்றாள். ஸ்பானிஷில் அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாண்ணா, அம்பது வயசுல உன்னப் போயி பாப்பான்றா எம் மருமவ!"

அதுவரை செல்வி எத்தனையோ பாலம், கட்டடம் எல்லாம் வரைந்திருக்கிறாள். எல்லாம் மதிப்பெண் வாங்கிவிட்டுக் கட்டிலடிக்குப் போய்விடும் காகிதங்கள். யாராவது உண்மையிலேயே இரும்பு வாங்கிக் கட்டப்போகிற முதல் படம் இதுதான். பரண்மேல் நூறு மூட்டை நெல், அதன் அடியில் ராணியும் அறுப்புக்கு வருகிற பெண்களும் உட்கார்ந்து சாப்பிடும் இடம். அதனால் ஒவ்வொரு கணக்கையும் மூன்று முறை போட்டாள்.

3

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். கொட்டகைக்கு வேண்டிய இரும்பு முழுவதும் ஸ்பானிஷில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதி உத்திரமேரூரில் ஜபார் பாய்க்கு அனுப்ப வேண்டும். பாய்க்குப் பஜார் தெருவில் இரும்புக் கடை, கடைக்குப் பின்னாலேயே பட்டறை. நான் வெல்டிங் பழகியது அவர் கடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பட்டறையில். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

செல்விக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இரும்புச் சமாச்சாரம் அதில் வராது. கணினியில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறாள். அது கொடுத்ததைப் படித்துக் காட்டினாள். கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு இங்கே கொர்ரேயா என்று பெயர். அதை நாய் கட்டுகிற வார் என்று போட்டிருந்தது. பட்டைக் கம்பிக்கு இங்கே பிளெத்தீனா என்பார்கள். அதற்குக் கேசட் போடும் கருவி. சட்டத்தின் நடுத்தகட்டுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆல்மா. அதை ஆன்மா என்று எடுத்துக்கொண்டு, ஆன்மாவின் தடிமன் ஏழரை மில்லிமீட்டர் என்று சுத்தமாக எழுதிவிட்டது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாப்பா, இது உன்னால்தான் முடியும். நீ சொல், நான் எழுதுகிறேன்" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

கொர்ரேயாவா, பர்லின் என்று எழுது. பிளெத்தீனா, ஃபிளாட். அங்குலார், ஆங்கிள். கார்த்தேலா என்று மூலையில் வைத்து வெல்டு பிடிக்கும் முக்கோணத் தகடு, அது கஸ்ஸெட் பிளேட். ஒன்றுவிடாமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். ஆனால் இது பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இல்லையே. உத்திரமேரூர் பஜாரில் கைநாட்டு வைக்கிறவர்கூட ஆங்கிள், சேனல், ஃபிளாட் என்றுதான் கேட்டு வாங்குவார். "இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டாள். "உன் குடும்பப் பெயரில்" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

பாதியில் அவள் தோழி ஒருத்தி போன் செய்தாள். செல்வி மிச்சத்தை என்னிடம் விட்டுவிட்டு எழுந்து போனாள். நான் கையாலேயே எழுத ஆரம்பித்தேன். பரணைத் தாங்கும் சட்டம் வந்தது. ஊ-பே-ஏனே நூற்று அறுபது. ஊ-பே-ஏனே என்றால் ‘ப’ வடிவத்தில் வரும் நம் சேனல்தான், சந்தேகமே இல்லை. நூற்று அறுபது என்பது மில்லிமீட்டரில் அதன் உயரம்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நம் ஊர்க் கடையில் சேனல் நூறு, நூற்று இருபத்தைந்து, நூற்று ஐம்பது, நூற்று எழுபத்தைந்து என்று வரும். நூற்று அறுபது என்று கேட்டால் சிரிப்பார்கள். இங்கே செருப்புக் கடையில் நாற்பத்திரண்டு என்று போட்டிருப்பது நம் ஊரில் எட்டு இல்லையா? அது மாதிரி இவர்களுடைய நூற்று அறுபதுதான் நம்முடைய நூற்று ஐம்பது என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. சேனல் நூற்று ஐம்பது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அவள் போட்டிருந்த எடைகளை மட்டும் அப்படியே பார்த்து எழுதினேன். எண்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

திரும்பி வந்தவளிடம் "எல்லாம் முடிந்தது" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டு, அடியில் தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, அதைப் படம் எடுத்துப் பாய்க்கு அனுப்பினாள். சரிபார்க்கக்கூட இல்லை. அப்பா எழுதியது அல்லவா.

4

புதன்கிழமை, பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் பாயிடமிருந்து போன் வந்தது.

"இன்னாபா குமாரு, நல்லா கீறியா? இன்னா இது, காயிதத்துல கையெழுத்து போடுற எடத்துல நம்ம ஊரு பேரு கீது?"

"அது அவ பேருதான் பாய். பெரிய கத, அப்பறம் சொல்றேன்."

"சரி, அத்த வுடு. எடை இடிக்குதுபா. சேனல் நூத்தம்பதுன்னு கீது. எடை பாத்தா மீட்டருக்கு பதினெட்டு கிலோ எட்நூறுன்னு போட்டுக்கீது. நம்மாண்ட கீற நூத்தம்பது பதினாறு சொச்சத்துக்கு மேல ஏறாது. நான் ஒரு மீட்டர் அறுத்து தராசுல வெச்சிப் பாத்துட்டேன்."

பாய் எப்போதும் இப்படித்தான். அவர் கடையில் இரும்பு எடை போட்டுத்தான் உள்ளே வரும், எடை போட்டுத்தான் வெளியே போகும். எந்தப் பட்டியல் வந்தாலும் பெயரை அப்புறம்தான் படிப்பார், முதலில் எடையைக் கூட்டுவார். நூற்று அறுபதும் நூற்று ஐம்பதும் செருப்பு அளவு இல்லை, வேறு வேறு இரும்பு என்று அந்த நிமிடம் புரிந்துவிட்டது. நான் எழுதியது மெலிந்த சட்டம். அதன்மேல் நூறு மூட்டை, அடியில் என் தங்கை.

"பொண்ணு தெரியாம போட்டுட்ச்சா?" என்று கேட்டார் பாய்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். "ஆமா பாய். சின்னப் பொண்ணு, கவனிக்காம போட்டுட்டா போல" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம் உள்ள மனிதரிடம், என் தொழிலில் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெற்ற பெண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டேனா? "பாய், நூத்தெழுவத்தஞ்சு போட்டுடுங்க. அவகிட்ட சொல்லிக்க வாணாம்" என்றேன்.

"அதெல்லாம் ஆவாது. வரைஞ்சவங்க சொல்லாம நம்மாண்ட இரும்பு மாறாது. அந்தப் பொண்ணையே பேசச் சொல்லு. சனிக்கிழம மத்தியானம் சும்மாதான் இருப்பேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். பாயிடம் பேச வேண்டுமாம் என்று செல்வியிடம் மட்டும் சொன்னேன், எதற்கென்று சொல்லவில்லை.

"பொய்ய சொல்ட்டு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? போயி சொல்லேன் அவகிட்ட" என்றாள் சரோஜா. சொல்லுவது அவ்வளவு சுலபமா? அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தது. அதையும் நானே கொண்டுபோய்ப் போட்டு உடைக்க வேண்டுமா?

5

சனிக்கிழமை காலை பத்து மணி, ஊரில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மேசைமேல் கணினித் திரையில் பாய், அவருக்குப் பின்னால் சேனல் அடுக்கு, ஓரமாக என் தங்கை ராணி. இந்தப் பக்கம் செல்வியும் நானும். பாய்க்கு ஸ்பானிஷ் தெரியாது, செல்விக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

முதல் ஐந்து நிமிடம் ஜாலியாகத்தான் போயிற்று. பாய் சேனலை அளக்கிற கருவியை வைத்து, "நடுத்தகடு அஞ்சரைதான் கீதுமா" என்றார். நான் ஸ்பானிஷில் ஆன்மா ஐந்தரை மில்லிமீட்டர் என்றேன். செல்வி புருவத்தைச் சுருக்கினாள். ஏழரை இருக்க வேண்டுமே என்றாள். எந்தச் சட்டம் அது என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். நூற்று ஐம்பது என்றார் பாய். மொழிபெயர்த்தேன். வேறு வழி?

"நான் நூற்று அறுபது அல்லவா போட்டேன்" என்றாள் அவள்.

நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துப் பாய், பாவம், நல்ல மனசோடு பேச ஆரம்பித்தார். "பொண்ணாண்ட சொல்லுபா. நீ கவனிக்காம போட்டுட்டன்னு உங்க நைனா சொன்னாருமா. அதுக்கு இன்னா, மொத தபா தப்பு வர்றதுதான். பயப்படாத. எடை போட்டுப் பாக்கத்தான நாங்க கீறோம்."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "தப்பு?" என்றாள் தமிழில். பிறகு ஸ்பானிஷில், "யாருடைய தப்பு? அவர் என்ன சொன்னார், பாப்பா?"

பாய் சும்மா விசாரித்தார், கணக்கு அருமை என்றார், எடையில் சின்னக் குழப்பம் என்றார். இப்படிச் சொல்லிச் சமாளிக்க என்னிடம் நூறு பொய் இருந்தது. ஒன்றைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியும் இருப்பாள். அவளுக்கு வேறு வழி கிடையாது, நடுவில் இருப்பது நான். அதை நினைத்தபோதுதான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் தமிழில் சொன்னேன். "பாய், தப்பு அவளுது இல்ல. அவ நூத்தறுபதுதான் போட்டிருந்தா. நம்ம ஊர்ல அது கெடைக்காதேன்னு நான்தான் நூத்தம்பதுன்னு மாத்தி எழுதினேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

பிறகு பாய் சொன்னதைச் சொன்னபடி ஸ்பானிஷில் சொன்னேன். நான் சொன்னதையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

ராணி வாயில் கை வைத்துக்கொண்டாள். பாய், "அடப் போப்பா, இன்னா ஆளுபா நீ" என்று மட்டும் சொன்னார். செல்வியைப் பார்த்தேன். அவள் காது சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சிவந்ததுபோல் இல்லை, இது வேறு. "நான் தவறாகப் போட்டேன் என்று அவரிடம் சொன்னாயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "சொன்னேன்" என்றேன். "நான் வரைந்த முதல் கொட்டகை" என்றாள்.

பிறகு நூற்று எழுபத்தைந்தின் எல்லா அளவையும் பாயிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். பாய் ஒவ்வொன்றாக அளந்து சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன், அவள் தட்டினாள். எடை மீட்டருக்குப் பத்தொன்பது சொச்சம். கணக்குப் போட்டு முடித்து, "இது தாங்கும். இதையே போடச் சொல்" என்றாள். சொன்னேன். பாய், "ரைட்டு, இப்ப அறுக்கலாம்" என்றார். திரை அணைந்தது. அவள் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

6

ஞாயிறு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. வெளியே இந்த ஊருக்கே உரிய காய்ந்த காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. நான் மேசையில் உட்கார்ந்து பட்டியலை முதலிலிருந்து எழுதினேன். அவளுடைய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் நம் ஊரில் கிடைக்கிற சட்டம் எது, அதன் எடை என்ன என்று பாயிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். பாய் ஞாயிற்றுக்கிழமையும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். ஆங்கிளில் இன்னொரு வித்தியாசம் இருந்தது. அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

திங்கள் மாலை வேலை முடிந்து வந்தபோது அவள் மேசையில் இருந்தாள், பட்டியல் அவள் முன்னால் இருந்தது. "உட்கார்" என்று ஸ்பானிஷில் சொன்னாள். உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனாள், நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்விக்குறி போட்ட இடத்தில் கணக்குப் பார்த்துவிட்டு டிக் அடித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. பர்லின் எத்தனை என்பதில், பதினாறுக்குப் பதிலாகப் பதினான்கு என்று எழுதியிருந்தேன்.

"தப்பு" என்றாள்.

பேனாவை வாங்கி அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன். அவள் விரலை எடுக்காமல் கூட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சரி, போ" என்றாள்.

எழுந்து போய்ப் பாய்க்கு அனுப்பினேன்.